கல்லுக்குள் தேரையும் டார்வின் ஊர்த் தேரையும்

கேள்வி: பூமி சூடாகிறது, உயிரினங்கள் அழியப்போகின்றன என்று இதழுக்கு இதழ் பயமுறுத்துகிறீர்கள். கால் இருப்பது நடக்கும், சிறகு இருப்பது பறக்கும். இங்கே வெயில் தாங்காவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். பரிணாமம் நடக்கப் பல லட்சம் வருடம் ஆகும், அதற்குள் என்ன அவசரம்? கல்லுக்குள் இருக்கும் தேரைக்கே படியளக்கிறவன் மற்றதைக் கைவிட்டுவிடுவானா? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: தேரையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. கல்லுக்குள் இருக்கிற தேரையை நான் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதி நெடுகத் தத்தியே போன தேரை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் லட்சம் வருடக் கணக்குக்கு வருவோம்.

1935-இல் ஹவாயிலிருந்து நூறு சொச்சம் தேரைகளைக் கப்பலேற்றி, குயின்ஸ்லாந்தில் உள்ள கார்டன்வேல் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. கரும்பைத் தின்னும் வண்டைத் தேரை தின்னும் என்பது திட்டம். வண்டோ கரும்பின் உச்சியில், அதன் புழுவோ மண்ணுக்குள். தேரை நடுவில் தரையில் தத்திக்கொண்டு, கரும்பைத் தவிர ஊரில் உள்ள மற்ற எல்லா விஷயத்திலும் தலையிட்டது. கண்ணுக்குப் பின்னால் விஷப்பை வேறு. அதைக் கவ்விய உடும்பும் பாம்பும் செத்தன. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் பல ஆயிரம் முட்டை இடும். பரவாமல் என்ன செய்யும்?

பரவியது பெரிய செய்தி இல்லை, பரவிய வேகம்தான் செய்தி. ஆரம்பத்தில் வருடத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்த முன்வரிசை, இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்தது. அதே தேரை, அதே நாலு கால். எப்படி?

ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டார்வின் நகருக்குக் கிழக்கே ஃபாக் அணை இருக்கிறது. (டார்வின் என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள், நானாக வைத்ததில்லை.) அங்கே பல காலமாகப் பாம்புகளை ஆராய்ந்துவந்த ரிக் ஷைனின் குழு, தேரைப்படை வரட்டும் என்று காத்திருந்தது. 2005-இல் வந்தது. வந்த வரிசைப்படி பிடித்துக் காலை அளந்தார்கள். முதலில் வந்தவற்றுக்குப் பின்னங்கால் நீளம், பின்னால் வந்தவற்றுக்குக் குட்டை. குயின்ஸ்லாந்தில் பழைய இடத்திலேயே தங்கிவிட்டவற்றுக்கு இன்னும் குட்டை. 2006-இல் இதை வெளியிட்டார்கள். தேரையின் இடுப்பில் அரைஞாண் கட்டுவது போலச் சின்ன ரேடியோவைக் கட்டி இரவில் எங்கே போகிறது என்றும் பார்த்தார்கள். பழைய ஊர்த் தேரை கொஞ்ச தூரம் சுற்றிவிட்டுத் திரும்ப அதே பொந்துக்கு வருகிறது. முன்வரிசைத் தேரை நேர்கோடு பிடித்தாற்போல் போகிறது, ஒரே இரவில் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும். சரி, இடம் புதிது என்பதால் அப்படி நடக்கிறதோ? இரண்டு வகையின் குஞ்சுகளையும் ஒரே இடத்தில் வளர்த்து விட்டுப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெற்றோரின் பிள்ளை நேராகவே போனது. அது பழக்கமில்லை, பரம்பரை.

இந்த இடத்தில் உங்கள் ஊர் உதவிக்கு வருகிறது. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் திண்டுக்கல்லைத் தாண்டித்தான் போகிறார்கள், பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினாலும் நாலாம் நாள் ராத்திரி யார் எந்த ஊரில் படுத்திருப்பார்கள்? வேகமாக நடந்தவர்கள் முன்னால் ஒரு சத்திரத்தில், கால் வீங்கியவர்கள் பின்னால் ஒரு சத்திரத்தில். இப்போது ஒரு விதி போடுங்கள்: அந்தந்தச் சத்திரத்துக்குள்தான் சம்பந்தம் பண்ண வேண்டும், பிள்ளைகள் அங்கிருந்துதான் அடுத்த நடையைத் தொடங்க வேண்டும். பத்துத் தலைமுறையில் முன் சத்திரத்தில் பிறக்கிறது எல்லாம் ஓட்டக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும். வேகமானவன் அதிகம் பிழைத்தான், அதிகம் பெற்றான் என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவன் அங்கே இருக்கிறான், அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு காலத்தில் சலித்தெடுக்கிறது என்றால் இது இடத்தில் சலித்தெடுப்பது என்று 2011-இல் ஷைன், கிரெக் பிரவுன், பென் ஃபிலிப்ஸ் மூவரும் எழுதினார்கள். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், "வல்லவன் வாழ்வான்" என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் வாயை இது அடைக்கிறது.

ஏனென்றால் முன்னால் நிற்கிற தேரை வல்லவனுமில்லை. முன்வரிசையில் பிடித்த பெரிய தேரைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு முதுகெலும்பு மூட்டு வீங்கி இறுகிப்போயிருந்தது. முன்வரிசைப் பெண் தேரைகள் முட்டையிடுவதும் குறைவு. காலுக்குக் கொடுத்ததை வேறு எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். எப்போது வயதுக்கு வருவது, எத்தனை முட்டை, எவ்வளவு நடை எல்லாம் ஒரே சம்பளத்தில் நடக்கிற குடும்பச் செலவு.

பின்னால் நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் கதை வேறு. அங்கே குளத்துத் தலைப்பிரட்டை சொந்த இனத்துக் குஞ்சையே தின்கிறது. தென் அமெரிக்கத் தேரையிடம் இந்தக் குணம் இவ்வளவு முற்றவில்லை. அதற்குப் பதிலடியாக ஆஸ்திரேலியக் குஞ்சுகள், தின்னப்படக்கூடிய அந்தப் பருவத்தைச் சீக்கிரம் கடந்துவிடப் பழகிவிட்டன. இதெல்லாம் நடந்தது 90 வருடத்துக்குள், ஐயா. லட்சம் எங்கே, தொண்ணூறு எங்கே?

"அப்படியானால் நான் சொன்னது சரிதானே, ஓடிப் பிழைத்துக்கொள்ளும்" என்பீர்கள். முன்னால் காலி இடம் கிடந்ததால் தேரைக்குக் கால் நீண்டது. இடம் துண்டு துண்டாகக் கிடந்தால்?

பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகரம். நடைபாதையில் மரத்தடிக்காக விட்ட சதுர மண்ணில் ஒரு மஞ்சள் பூச்செடி முளைக்கிறது. நாம் ஊதி விளையாடும் தாத்தாப்பூவின் குடும்பம்தான். அதற்கு இரண்டு வகை விதை: பஞ்சு கட்டிக் காற்றில் பறப்பது ஒன்று, கனமாகத் தாயின் காலடியிலேயே விழுவது இன்னொன்று. நகரத்தில் பறக்கிற விதை எங்கே போய் இறங்கும்? பெரும்பாலும் சிமென்ட்டில். ஷெப்டூ என்ற ஆய்வாளரின் குழு நகரத்துச் செடியையும் வயல்வெளிச் செடியையும் ஒரே கண்ணாடி வீட்டில் வளர்த்து எண்ணிப் பார்த்தது. நகரத்துச் செடியில் காலடி விதையின் பங்கு கூடியிருந்தது. அந்த மாற்றத்துக்கு 5 முதல் 12 தலைமுறை போதும் என்று 2008-இல் கணக்குச் சொன்னார்கள். அது ஒரு வருடச் செடி, ஆகவே தலைமுறை என்றால் வருடம்.

நாளைக்கு அந்த ஊர் சூடேறி, செடி வடக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், போகிற வித்தையைத்தான் அது குறைத்துக்கொண்டிருக்கிறது. நாம் காட்டை ரோட்டாலும் மனைப்பிரிவாலும் சதுரம் சதுரமாக வெட்டும்போது அதற்குள் இருக்கிற பலவற்றுக்கும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறோம். வருடத்துக்கு ஒரு தலைமுறை போடுகிற செடியாவது எதையோ மாற்றிக்கொள்கிறது. 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும் யானைக்கு அந்த வசதியும் கிடையாது. ஆக, ஓடிப் பிழைக்கிற பட்டியலில் முதலில் இருப்பது யார்? ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அகப்பட்டதைத் தின்று, எங்கேயும் ஒட்டிக்கொள்வது. அதாவது தேரை.

அந்தத் தேரைக்கு இப்போது வழி மறிக்க யோசிக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பர்லிக்கும் பில்பராவுக்கும் நடுவே வறண்ட பட்டை ஒன்று. அங்கே மழையில்லாத மாதங்களில் தண்ணீர் என்றால் அநேகமாக மாட்டுக்காக மனிதன் இறைத்துவைத்ததுதான். அதை மூடினால் தேரை நிற்கும். ஆனால் நீளக்கால் தேரை ஒருவேளை தாண்டிவிடும். அதனால் ஃபிலிப்ஸும் சகாக்களும் 2016-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: பின்னால் கிழக்கே கிடக்கிற மெதுநடைத் தேரைகளைப் பிடித்துவந்து, படை வருவதற்கு முன்பே அங்கே விட்டுவிடுவோம். வேகமானது வந்து இதனோடு கலக்கட்டும், பிள்ளைகளின் கால் குறையட்டும். சோம்பேறித் தேரையை ஒரு கண்டத்தின் குறுக்கே வண்டியில் ஏற்றிப்போக வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். வண்டி வாடகையை யார் தருவது என்பதைத்தான் நீங்கள் சொல்கிற அந்தப் படியளக்கிறவனிடம் கேட்க வேண்டும்.