உறைந்த ஃபிஷ் ஃபிங்கர்: உருகவிடாமல் பொரியுங்கள்

கேள்வி: ஃபிஷ் ஃபிங்கர் பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். ஐஸ் போகட்டும் என்று வெளியே எடுத்து வைத்துப் பொரித்தால் மேல்மாவு பிய்ந்து எண்ணெயில் மிதக்கிறது. அப்படியே போட்டால் வெளியே கருகி, நடுவில் சில்லென்று இருக்கிறது. ஒருவழியாகச் சரியாக வந்தாலும், பிள்ளைகள் சாப்பிட உட்காருவதற்குள் நமுத்துவிடுகிறது. எண்ணெயைக் குறைக்க ஓ.டி.ஜி.யிலோ (சிறிய மின்சார அவன்) ஏர் ஃப்ரையரிலோ செய்யலாமா? (வாசகி ஒருவர், மதுரை)

பதில்: இரண்டாவதாகச் செய்தீர்களே, அதுதான் சரியான வழி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சட்டியில் போட வேண்டும். அது கருகியதற்குக் காரணம் எண்ணெயின் சூடு. ஐஸின் மேல் பழி போட வேண்டாம்.

தொழிற்சாலையில் மீனை முதலில் பெரிய பாளமாக உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ரம்பத்தால் விரல்விரலாக அறுக்கிறார்கள். அதன் மேல் மாவுக் கரைசல், அதன் மேல் ரஸ்க் தூள். பிறகு கொதிக்கும் எண்ணெயில் சில நொடிகள் காட்டி எடுத்து மறுபடியும் உறையவைக்கிறார்கள். 1955இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத்தில் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் தயாரித்த காலத்திலிருந்து இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. அந்தச் சில நொடிகளில் மேல்மாவு மட்டுமே இறுகுகிறது, மீன் வேகாது. ஆகவே பாக்கெட்டைத் திறந்ததும் தெரியும் பொன்னிறத்தை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது பச்சை மீன் என்றே எண்ணிச் சமையுங்கள்.

மீனில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வெளியே வைத்து உருகவிட்டால் அந்தத் தண்ணீர் கசிந்து ரஸ்க் தூளில் ஊறுகிறது. ஊறிய மாவுக்கு மீனைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு போய்விடும். உறைந்தபடியே சூட்டில் இறங்கினால், உள்ளிருக்கும் ஐஸ் உருகிக் கசிவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஐஸை உருக்குவதற்கு மட்டுமே ஏராளமான வெப்பம் வேண்டும். 0 டிகிரி ஐஸை 0 டிகிரி தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். பத்து துண்டுகளைச் சட்டியில் ஒன்றாகக் கொட்டினால் எண்ணெய் சட்டென்று ஆறிப்போய், மாவு எண்ணெய் குடிப்பது இதனால்தான். அதற்குப் பயந்து புகை வருமளவு காயவைத்தால் வெளியே கருகும், நடுவில் ஐஸ் நிற்கும். அரை லிட்டர் எண்ணெய்க்கு நான்கு துண்டுகள் போதும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி வரை இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால், பாக்கெட்டின் அடியில் உதிர்ந்திருக்கும் தூளில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். அடியில் தங்கினால் சூடு போதவில்லை. உடனே கறுத்தால் அதிகம். நுரைத்து மேலே வந்து மெல்லச் சிவந்தால் சரி.

போடுவதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் ஐஸ் துகள்களை உதறிவிடுங்கள்; எண்ணெய் தெறிக்காது. போட்டதும் அரை நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள், மாவு இறுகட்டும். பிறகு மிதமான தீயில் திருப்பித் திருப்பிப் பொரித்தால் சுமார் நான்கு நிமிடம் ஆகும். நிமிடக் கணக்கைவிட நம்பகமானது காது. முறுக்குச் சுடும்போது கேட்பது போலவே முதலில் சடசடவென்று இருக்கும். மேல்மாவின் ஈரம் வற்ற வற்ற அந்தச் சலசலப்பு அடங்கும், குமிழிகள் சிறுத்துவிடும். அப்போது ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். மீன் கண்ணாடி போலத் தெரியாமல் வெள்ளை வெளேரென்று இதழிதழாகப் பிரிந்து, நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டியிருந்தால் கவலை இல்லை.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு முக்கிப் பொரிப்பதே தேவையில்லை. ஃபிஷ் ஃபிங்கர் தட்டையானது. கனமான தோசைக்கல்லில் மூன்று நான்கு கரண்டி எண்ணெய் விட்டு, இடம் விட்டு அடுக்கி, எட்டு முதல் பத்து நிமிடம் நான்கு பக்கமும் புரட்டி எடுத்தால் அதே மொறுமொறுப்பு வரும். மூடி மட்டும் போட்டுவிடாதீர்கள். மூடினால் ஆவியில் வேகும், பொரியாது.

ஓ.டி.ஜி.யில் தாராளமாகச் செய்யலாம். மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும். 220 டிகிரிக்குச் சூடேறும்போதே காலித் தட்டையும் உள்ளே வைத்துவிடுங்கள். சூடான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஈரமாகாது. 15 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பினால் போதும். அடிக்கடி கதவைத் திறந்தால் சிறிய அடுப்பில் சூடு நிற்காது. ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம், ஒரே அடுக்காக. மாவில் ஏற்கெனவே எண்ணெய் இருப்பதால் மேலே லேசாகத் தடவினால் போதும். கூடையின் துளைகளை அடைக்கும்படி காகிதம் விரிக்க வேண்டாம். மைக்ரோவேவில் மட்டும் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் தண்ணீரைத்தான் அது சூடாக்கும், மேல்மாவு நமுத்தே வரும்.

தட்டில் நமுத்துப்போவதற்கும் இதே ஆவிதான் காரணம். பொரித்ததை டிஷ்யூ காகிதத்தில் குவித்தால் அடியில் இருப்பவை வியர்த்துவிடும். காகிதத்தில் ஒரு நிமிடம் வைத்து எண்ணெயை ஒற்றியெடுத்த பின், கம்பி வலையிலோ பெரிய கண் சல்லடையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஹாட்பேக்கில் போட்டு மூடவே கூடாது. சாஸையும் எலுமிச்சைச் சாற்றையும் சாப்பிடும்போதுதான் சேர்க்க வேண்டும். மீதமானதை ஓ.டி.ஜி.யில் ஐந்தாறு நிமிடம் நன்றாகச் சூடாக்கினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும்.

இன்னொன்று, வாங்கும்போதே பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாகக் கலகலவென்று அசைய வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டி, உள்ளே பனித்தூள் மண்டியிருந்தால், மின்வெட்டிலோ வண்டியிலோ ஒரு முறை உருகி மறுபடி உறைந்த சரக்கு அது. எந்தச் சட்டியில் போட்டாலும் அது மொறுமொறுவென்று வராது. கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.