புளியங்கொட்டையும் சாக்பீஸும்: வீட்டு விளையாட்டுக் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை விட்டதும் என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிடும். பாட்டியிடம் கற்றுக்கொண்ட தரை விளையாட்டுகளை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கடையில் எதுவும் வாங்காமல் வீட்டுக்குள் விளையாடுவது பற்றி இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, பிள்ளைகளுக்குத் தாயம் சொல்லித்தர ஆசை. தாயக்கட்டை எங்கள் வீட்டில் இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டவே வேண்டாம்மா. புளி ஆயும்போது நாலு கொட்டையை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், அதுவே அரை மணி நேர விளையாட்டு. தேய்த்த கொட்டை நன்றாகச் சுடும், அதை அடுத்தவர் கையில் வைத்துச் சூடு காட்டுவார்கள். அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலையும் குலுக்கிப் போட்டு வெள்ளையை எண்ண வேண்டும். ஒரு வெள்ளை தாயம். இரண்டும் மூன்றும் அப்படியே. நாலும் வெள்ளை என்றால் நாலு, நாலும் கறுப்பு என்றால் எட்டு. தாயம், நாலு, எட்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம். கட்டத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். காய்க்கு ஒருவர் பட்டாணி, இன்னொருவர் கொண்டைக்கடலை, மூன்றாமவர் சட்டைப் பொத்தான்.

எங்களிடம் பாட்டி காலத்துப் பித்தளைக் கட்டை இருக்கிறது. ஆனால் என் பையனுக்குத் தாயம் விழுவதே இல்லை. காய் இறங்காமலே அழுதுவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

பாவம், அவன் கையில் ஒரு குறையும் இல்லை. கட்டையின் நாலு பக்கத்தில் ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம், அது இரண்டே இரண்டு விதம்தான். அதாவது எட்டுக்கு ஒன்று. ஐந்து முறை போட்டாலும் தாயமே விழாமல் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூன்று 16-க்கு நாலு என்று அடிக்கடி விழும். ஆறும் பன்னிரண்டும் (இரண்டு கட்டையும் வெறுமை)தான் அரிது, ஒவ்வொன்றும் 16-க்கு ஒன்று.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஆடும்போது ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று முதலிலேயே பேசிவையுங்கள். வாய்ப்பு இரட்டிப்பாகிவிடும். ஆட்டத்தின் நடுவில் மட்டும் விதியை மாற்றாதீர்கள், அடுத்த பிள்ளைக்கு அது அநியாயம். காய் வெட்டுப்பட்டு அழுதால் அழட்டும், அதுவும் ஆட்டம்தான். முதல் காய் சுற்றி முடித்துப் பழமாகிற அன்று அவன் முகத்தைப் பாருங்கள்.

பல்லாங்குழியில் என் அம்மா சொல்லும் விதி ஒன்று, மாமியார் சொல்லும் விதி வேறு. எது சரி?

இரண்டும் சரி. ஊருக்கு ஊர் மாறும் ஆட்டம் அது. எங்கள் வீட்டில் ஆடுவதைச் சொல்கிறேன். ஆளுக்கு ஏழாக 14 குழி, குழிக்கு ஐந்து என்று 70 முத்து. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதெல்லாம் உங்களுக்கு. அத்தோடு உங்கள் முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடைக்காது.

இடையில் எந்தக் குழியிலாவது நாலு முத்து சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். யார் முறையாக இருந்தாலும் இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் பசுவுக்காகத்தான். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அம்மாவும் மாமியாரும் ஒன்றாக இருக்கும் நாளில் ஒரு ஆட்டம் இவர் விதிப்படி, ஒரு ஆட்டம் அவர் விதிப்படி வையுங்கள். பலகை இல்லையென்றால் கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகளில் 14 எடுத்து இரண்டு வரிசையாக அடுக்குங்கள். அருமையான பல்லாங்குழி.

முத்துக்குப் பதிலாகக் குன்றிமணி வைத்து ஆடலாமா? வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

கூடாது. சிவப்பும் கறுப்பும் சேர்ந்த அந்த விதைக்குள் கடுமையான விஷம் இருக்கிறது. பிள்ளை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். விதை எதுவானாலும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள், தொண்டையில் சிக்கிவிடும்.

ஆடுபுலி ஆட்டத்தில் எப்போதும் புலியே ஜெயிக்கிறது. 15 ஆடு இருந்து என்ன பயன்?

அவசரமாக நடுவில் ஆட்டை இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. புலி ஆட்டைத் தாண்டி விழ, அதே கோட்டில் நேர் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஓரத்துப் புள்ளிகளில் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்த இடமே கிடையாது. ஆகவே முதலில் ஓரங்களை நிரப்புங்கள். பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் இன்னொரு ஆடு துணைக்கு நிற்கட்டும். 15-ஐயும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது என்பதால், இறக்கும் வரிசைதான் பாதி ஆட்டம். புள்ளிகள் 23, மூன்று புலியும் சேர்த்துக் காய்கள் 18, கடைசியில் காலியாக ஐந்துதான் மிஞ்சும். அதுவரை ஒரு ஆடும் வெட்டுப்படவில்லை என்றால் புலிக்கு மூச்சு முட்டிவிடும்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தரையில் உட்கார முடியாது, கை நடுங்குகிறது. பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து அவர் என்ன விளையாடலாம்?

விடுகதை. அவரைக் கேட்கிறவராக உட்காரவையுங்கள். “காலையில் ஊதும் சங்கு, கறி சமைக்க உதவும் சங்கு” என்று ஒன்று எடுத்துவிட்டால் போதும், சேவல் என்று கண்டுபிடிக்கும்வரை பிள்ளைகள் அவரை விட்டு நகர மாட்டார்கள். விடை தெரியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டாம், இரவுச் சாப்பாடு வரை இழுக்கலாம். அப்புறம் “யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை” என்று வேகமாகச் சொல்லவைத்து, உளறாமல் எத்தனை முறை சொல்கிறார்கள் என்று அவர் எண்ணட்டும்.

சொல் விளையாட்டில் கடைசி எழுத்தை வைத்து அடுத்த சொல் சொல்லும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ‘பால்’ என்றால் ‘ல்’லில் எப்படித் தொடங்குவது?

நம் மொழியின் அமைப்பு அது. ண, ள, ழ, ற, ன வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. ல, ர, ட வரிசையில் தொடங்குவதும் பெரும்பாலும் வேற்றுமொழிச் சொற்கள். அதனால் எங்கள் வீட்டு விதி: கடைசி எழுத்தில் தொடங்க முடியாவிட்டால் அதற்கு முந்தைய எழுத்து. ‘பால்’ என்றால் ‘பா’, அடுத்தவர் ‘பாகல்’ சொல்லலாம். பாகலுக்குக் ‘க’. ‘மரம்’ போல ‘ம்’மில் முடிந்தால் ம, மா, மி என்று அந்த வரிசையில் எது வேண்டுமானாலும் சரி. ஆங்கிலச் சொல் சொன்னால் ஒரு முறை ஆட முடியாது.

மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

மெழுகுவத்தியோ கைப்பேசி விளக்கோ போதும், சுவரில் கை நிழல் காட்டுங்கள். கை விளக்குக்கு அருகே போனால் நிழல் பெரிதாகும், ஆனால் ஓரம் மங்கும். சுவரை ஒட்டினால் சின்னதாகிக் கூர்மையாகும். கட்டைவிரல்களைக் கோத்து மற்ற விரல்களை அசைத்தால் பறவை. கொஞ்சம் பழகியதும் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, அட்டையில் வெட்டிய உருவங்களைப் பின்னாலிருந்து விளக்கொளியில் ஆட்டலாம். தோல்பாவைக்கூத்துக்காரர்கள் செய்வதும் இதுதான், அவர்களுடைய பாவைகளில் நிறமும் தெரியும்.

பத்தாவது படிக்கும் மகள், இதெல்லாம் பழைய காலம் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

கூப்பிடாதீர்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சத்தம் போட்டுத் தாயம் ஆடுங்கள், வெட்டுக்குச் சண்டை போடுங்கள். மூன்றாம் நாள் தானாக வந்து, காயைத் தப்பாக நகர்த்துகிறீர்கள் என்பாள். பழையது என்று அவள் சொல்வதும் உண்மைதான். கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அதைப் பழிப்பாக எடுத்துக்கொள்ளாமல் அவளிடம் சந்தோஷமாகச் சொல்லுங்கள்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். சொட்டாங்கல் ஆடினால் கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்கிறார்.

ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஆடுங்கள். கல்லுக்குப் பதிலாகப் பழைய துணியில் கொஞ்சம் அரிசி வைத்து எலுமிச்சைக்கும் சிறிதாக ஐந்து முடிச்சு தைத்துக்கொண்டால் சத்தமே வராது, நகமும் தேயாது. ஒன்று ஒன்றாக அள்ளி முடித்து இரண்டு இரண்டாக அள்ளும்போது கீழ்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.