கேரக்டர் அட்டவணை இருக்கும்போது டென்சர் கேட்டகரி எதற்கு?

முடிவுள்ள குரூப் ஒன்றின் கேரக்டர் அட்டவணை கையில் இருந்தால் அதன் ரெப்ரசென்டேஷன்களைப் பற்றி எல்லாமே தெரிந்த மாதிரித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். (குரூப் என்பது சமச்சீர்களைப் போல ஒன்றோடொன்று பெருக்கக்கூடிய உறுப்புகளின் கூட்டம். அந்த உறுப்புகளைப் பெருக்கல் மாறாமல் மேட்ரிக்ஸ்களாக எழுதுவது ரெப்ரசென்டேஷன், சுருக்கமாக ரெப். அந்த மேட்ரிக்ஸின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை கேரக்டர், அவற்றின் பட்டியல்தான் அட்டவணை.)

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன், இதெல்லாம் இரவில் தனியாகப் படிப்பது. பக்கத்தில் கேட்க ஆளில்லாததால் எதையும் கையால் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஆறும். அப்படிப் போட்ட கணக்கு இது: சதுரத்தின் சமச்சீர் குரூப்பிலும் குவாட்டர்னியன் குரூப்பிலும் (±1, ±i, ±j, ±k; i, j, k ஒவ்வொன்றின் வர்க்கமும் −1) 8 உறுப்புகள், இரண்டுக்கும் அட்டவணை அச்சொட்டாக ஒன்றே. ஆனால் குரூப்புகள் வேறு. இரண்டிலும், மேலும் சிறியதாகப் பிரிக்க முடியாத இருபரிமாண ரெப் ஒன்றேயொன்று உண்டு. ஒவ்வொரு உறுப்பையும் வர்க்கித்து, அந்த வர்க்கத்துக்கு இந்த ரெப்பின் கேரக்டரை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி 8 ஆல் வகுத்துப் பாருங்கள். சதுரத்துக்கு (12−4)/8, அதாவது 1. குவாட்டர்னியனுக்கு (4−12)/8, அதாவது −1. எந்த உறுப்பை வர்க்கித்தால் எது வரும் என்பதை அட்டவணை சொல்லாது, அதனால்தான் இந்தக் குறி அதில் தெரிவதில்லை.

சரி, குறி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? மூன்று ரெப்களை டென்சர் பெருக்கும்போது (இரண்டு ரெப்களைச் சேர்த்துப் பெரிய ரெப் ஒன்றாக்கும் பெருக்கல் அது) முதல் இரண்டை அடைப்புக்குள் போடுவதா, கடைசி இரண்டையா என்று வருமே, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் அந்த மாற்றத்தில். எதைப் பெருக்கினால் எது வரும் என்பதோடு அடைப்பு மாறும் விதத்தையும் சேர்த்து வைத்திருப்பதுதான் டென்சர் கேட்டகரி. இதே பெருக்கல் விதிகளோடு, சிக்கலெண்கள் மேல், சரியாக 4 கேட்டகரிகள்தான் உண்டு என்று டம்பாராவும் யமகாமியும் 1998இல் காட்டினார்கள். இரண்டு நம் குரூப்புகளுடையவை, மூன்றாவது காட்ஸ், பாலுத்கின் கண்ட 8 பரிமாண ஹோப்ஃப் அல்ஜீப்ராவுடையது (குரூப்பைப் போலவே தன் ரெப்களை டென்சர் பெருக்க விடும் அல்ஜீப்ரா அது). நான்காவது எந்த ஹோப்ஃப் அல்ஜீப்ராவிலிருந்தும் வராது, அதன் இருபரிமாணப் பொருளை உண்மையான வெக்டர் வெளியாகப் பார்க்க வழியே இல்லை!

குவாண்டம் குரூப்புகளுக்கு, அதாவது குரூப்புகளைச் சற்றே மாற்றிக் கிடைக்கும் ஒருவகை ஹோப்ஃப் அல்ஜீப்ராக்களுக்கு, வந்தால் இன்னொன்றும் சேரும். இரண்டு ரெப்களை இடம் மாற்றி, திரும்பவும் மாற்றினால் பழைய நிலை வரவேண்டும் என்றில்லை. இங்கே டச்பே கடற்கரையில் கிடக்கும் இரண்டு கயிறுகளில் இடப்பக்கத்ததை மற்றதன் மேலாக வலப்பக்கம் கடத்தி, பிறகு இப்போது இடப்பக்கம் இருப்பதையும் அதேபோல மேலாகக் கடத்திப் பாருங்கள், முறுக்கு நிற்கும். முடிச்சுகளைப் பிரித்தறிய உதவும் ஜோன்ஸ் பல்லுறுப்பி அந்த முறுக்கிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் முதலில் அந்த 1, −1 கணக்கைக் கையால் போடுங்கள், அரைமணி நேரம் போதும்.