வால்-ஈ: வகுப்பில் எந்தக் காட்சியில் நிறுத்திப் பேசுவது?

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘வால்-ஈ’ அனிமேஷன் படத்தைத் திரையிட இருக்கிறேன். ‘குப்பை போடாதீர்கள்’ என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. எந்தக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: நல்ல கவலை இது. ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி 2008இல் வெளிவந்த இந்தப் பிக்ஸார் படத்தில் பூமியெங்கும் குப்பை மலைமலையாகக் குவிந்திருப்பது, மக்கள் கண்ட இடத்தில் வீசியதால் மட்டும் அல்ல. ‘பை அண்ட் லார்ஜ்’ என்ற ஒரே நிறுவனம் ஆட்சியையும் கடைகளையும் கைக்குள் போட்டுக்கொண்டு, ஓயாமல் வாங்க வைத்ததன் மிச்சம் அது. எனவே ‘எங்கே போடுவது’ என்பதை விட்டு, ‘ஏன் வாங்கினோம்’ என்பதில் தொடங்குங்கள்.

முதலில் மோதிரக் காட்சி. பூமியில் தனியாகக் குப்பை அள்ளும் ரோபோவான வால்-ஈக்கு ஒரு சிறு நகைப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். வால்-ஈ மோதிரத்தை வீசிவிட்டு, பெட்டியைத் திறந்து திறந்து மூடிப் பார்க்கிறது, பெட்டியைத்தான் வைத்துக்கொள்கிறது. அங்கே படத்தை நிறுத்திவிட்டு, எது விலைமதிப்புள்ளது என்று கேளுங்கள். பிள்ளைகள் சண்டையே போடுவார்கள்; போடட்டும். பழுதாகிக் கிடக்கும் தன் இன இயந்திரங்களின் உதிரிபாகங்களை அது தனக்கு மாட்டிக்கொள்வதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, பூமியை விட்டுப் போன மனிதர்கள் தலைமுறைகளாக வாழும் விண்கப்பல். ‘இனி நீலம்தான் புதிய சிவப்பு’ என்று அறிவிப்பு வந்ததும் பயணிகளின் உடைகள் நொடியில் நிறம் மாறுகின்றன. ஆசையும் கூட வெளியிலிருந்து வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஈவ் என்ற இன்னொரு ரோபோ மீது வால்-ஈ கொள்ளும் காதலைப் பாடத்துக்கு இடைஞ்சல் என்று தாண்டிவிடாதீர்கள். என் பார்வையில் படத்தின் உயிரே அதுதான். ஈவைத் தேடி ஓடும் வால்-ஈ மோதியதால்தான் மேரி என்ற பயணியின் கண்முன் எப்போதும் இருக்கும் திரை அணைகிறது. தலைநிமிர்ந்து பார்த்தபோதுதான் கப்பலில் நீச்சல்குளம் இருப்பதே அவளுக்குத் தெரிகிறது.

ஓர் எச்சரிக்கை: பயணிகளின் பருமனைப் பார்த்து வகுப்பில் யாரையாவது கேலி செய்யக்கூடும். குறைந்த ஈர்ப்பு விசையில் தலைமுறைகளாக வாழ்ந்ததால் எலும்பு தேய்ந்தது என்று படமே சொல்கிறது. நகரும் நாற்காலியும் சேர்ந்துகொண்டது. அதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

படம் 98 நிமிடம். ஈவை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டை வால்-ஈ பற்றிக்கொண்டு புறப்படும் இடத்தில் முதல் நாளை முடிக்கலாம். இரண்டாம் நாள் கடைசியில் ஒன்றைக் கேளுங்கள்: இதே படத்தின் பெயரில் பொம்மைகள் விற்கப்பட்டனவே, அது சரியா? நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர்களைப் பேசவிடுங்கள்.