முள் குத்தினால் நாலு மாத்திரை போதாதா?

பாம்பனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கெளுத்தி முள் குத்தினால் மெடிக்கலில் நாலு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவோம். அது கேட்காமல் போனால் புது மருந்து வராதா?"

என் மச்சானும் அப்படித்தான் போட்டார். இரண்டாம் நாள் வலி குறைந்ததும் மீதி அட்டை சட்டைப் பையிலேயே கிடந்தது. வாரக் கடைசியில் முழங்கை வரை வீக்கம். அட்டையின் பின்னால் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை.

மருந்து பட்டதும் எளிய கிருமி செத்துவிடும், தாங்கும் கிருமி தங்கிப் பெருகும். வலைக்குத் தப்பியது மறுபடி குஞ்சு பொரிப்பது மாதிரி. 2019-இல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இப்படிப்பட்ட கிருமிகளால் நேரடியாக இறந்ததாக மதிப்பீடு.

புது மருந்து வருவது அபூர்வம். வந்தாலும் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்க வேண்டும். அதிகம் விற்காத சரக்குக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? அதனால்தான் பிரிட்டன் 2022-இல் இரண்டு மருந்துகளுக்கு, எவ்வளவு பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு ஒரே தொகை என்று கொடுக்கத் தொடங்கியது. நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

சரி, அடுத்த முறை முள் குத்தினால் கை தாங்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வையுங்கள், வலி இறங்கும். அப்புறம் காயத்தைக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா, மாத்திரை தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.