தொழில்முறை ரக்பி லீக் வீரர் ஒருவரின் வாழ்க்கை எப்படிப்பட்டதாக இருக்கும்?

பொதுவாகப் பதில் சொல்வதைவிட பில்லி பாஸ்டன் என்ற ஒருவரைப் பற்றிச் சொல்வது மேல் என்று நினைக்கிறேன். வேலை நிமித்தம் இங்கிலாந்தின் விகன் நகரப் பக்கம் குடியேறியவன் நான். இங்கே யாரிடம் ரக்பி பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் அது அவரிடம்தான் போய் நிற்கும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கிளப்புகள், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவர்கள் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்ற தகராறில் அப்போது ரக்பியை நிர்வகித்த ரக்பி யூனியன் அமைப்பைவிட்டு வெளியேறின. காலப்போக்கில் அது 13 பேர் ஆடும் தனி ஆட்டமாகி, ரக்பி லீக் என்று பெயர் பெற்றது; பழைய ஆட்டம் ரக்பி யூனியன் எனப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனவரை யூனியன் மறுபடி சேர்த்துக்கொள்ளாது. 1995 வரை நீடித்த இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாஸ்டனின் கதையைப் படிக்க வேண்டும்.

வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் 1934இல் பிறந்தவர் அவர். தந்தை சியரா லியோனிலிருந்து வந்தவர். கார்டிஃப் அணிக்கும் வேல்ஸுக்கும் யூனியன் ஆட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கறுப்பின இளைஞனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1953இல் விகன் கிளப்பார் வீடு தேடி வந்து மேசைமேல் ஐந்து பவுண்டு நோட்டுகளாகப் பணத்தைப் பரப்பினார்களாம். எப்படியாவது அவர்களைக் கிளப்பிவிட வேண்டும் என்று, 3,000 பவுண்டு தந்தால் பையன் கையெழுத்திடுவான் என அம்மா சொல்லிவைக்க, வந்தவர்கள் உடனே சரி என்றுவிட்டார்கள். இதைப் பிற்காலத்தில் பாஸ்டனே சொல்லியிருக்கிறார். கையெழுத்திட்ட பிறகு அழுததாகவும் சொன்னார். அந்த நாளில் 3,000 பவுண்டு பெருந்தொகைதான். ஆனால் 18 வயதில் தன் கனவுக்குத் தானே முற்றுப்புள்ளி வைப்பது எந்தத் தொகைக்கும் எளிதல்ல.

விகனின் முதல் அணியில் சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், 1954இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்துக்கான பிரிட்டன் அணியில் இடம் பிடித்தார். அத்தகைய சுற்றுப்பயணத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின வீரர் அவரே. அங்கே 18 ஆட்டங்களில் 36 ட்ரை. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி பெறுவதைத்தான் ட்ரை என்கிறார்கள். விங் எனப்படும் ஓர ஆட்டக்காரர் என்றால் ஒல்லியாக, தடுப்பவரிடமிருந்து நழுவி ஓடுபவர் என்பது வழக்கம். பாஸ்டனோ நல்ல கனத்த உடம்புக்காரர், விலகி ஓடவும் தெரியும், நேரே மோதித் தள்ளிவிட்டுப் போகவும் தெரியும். 1960 சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தை பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். விகன் 27–3 என வென்ற அன்று, தமக்குப் பழக்கமான ஓரத்தைவிட்டு நடுக்கள ஆட்டக்காரராக இறங்கி இரண்டு ட்ரை அடித்தார். விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 ட்ரை, மொத்த வாழ்க்கையில் 571 என்பது அவருடைய கணக்கு.

யூனியன் ஒதுக்கியவரை லீக் அரவணைத்தது என்று கதையை இங்கே பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1957 உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில் பிரிட்டன் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடச் சென்றது. அங்கே நிறவெறி ஆட்சி நடந்ததால் பாஸ்டன் மட்டும் தனியே வீடு திரும்பினார். அணி போகாமல் இருந்திருக்கலாம், போயிற்று.

வருமானத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அக்கால லீக் வீரருக்கு இன்றைய கால்பந்து நட்சத்திரங்களின் செல்வம் கிடையாது. வென்றால் ஒரு தொகை, தோற்றால் அதைவிடக் குறைவு. ஆட்டத்தைவிட்ட பிறகு பாஸ்டன் விகனில் கிரிஃபின் என்ற மதுக்கடையை நடத்திப் பிழைத்தார். 2016இல் நகரின் நடுவே அவருக்குச் சிலை எழுந்தது. 2025 ஜூனில் நைட் பட்டம் கிடைத்தபோது அவருக்கு 90 வயது, மறதிநோயும் இருந்தது. 130 ஆண்டு ரக்பி லீக் வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் வீரர் அவர் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அரசு இத்தனை காலம் இந்த ஆட்டத்தை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

கார்டிஃபும் 2023இல் சிலை வைத்தது. அதில் பாஸ்டனோடு நிற்கும் கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன் இருவரும் கார்டிஃபில் பிறந்து, அவரைப் போலவே வடக்கே போய்ப் பெயர் வாங்கியவர்கள். 1972இல் பிரிட்டனுக்கு உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் சல்லிவன்.