ஃபார்ம் வாங்குகிறவர்களுக்கே முதல் வகுப்பு

கேள்வி: எங்கள் 80 படுக்கை மருத்துவமனையில் நோயாளி பாதுகாப்புப் பயிற்சி தவறாமல் நடக்கிறது. எல்லோரும் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் நடந்த தவறையும் தவறவிருந்ததையும் ஊழியர்கள் எழுதிக் கொடுக்கும் இன்சிடென்ட் ஃபார்ம் ஒன்றுகூட வருவதில்லை. என்ன செய்யலாம்?
- நர்சிங் சூப்பரின்டெண்ட், ஈரோடு

பதில்: கடைசியாக ஃபார்ம் எழுதியவருக்கு என்ன ஆயிற்று என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மெமோ வந்திருந்தால், அப்புறம் எத்தனை வகுப்பு எடுத்தாலும் யாரும் எழுத மாட்டார்கள். அதனால் இந்த முறை நர்ஸ்களை விட்டுவிடுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர்கள், டாக்டர்கள், எச்.ஆர்., நிர்வாக அதிகாரி என்று ஃபார்மைக் கையில் வாங்குகிறவர்களை உட்கார வையுங்கள்.

ஸ்லைடு வேண்டாம், ஒரு சம்பவம் போதும். நைட் டூட்டி நர்ஸ் ஆன்டிபயாடிக் கரைக்க ஸ்டெரைல் வாட்டர் எடுக்கிறார். கையில் வந்தது பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்ப்யூல், ஒரே டிரேயில் கிடந்தவை. சிரிஞ்சில் ஏற்றும்போது லேபிளைக் கவனித்து நிறுத்திவிடுகிறார். இவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு தாளில் எழுதி வாங்குங்கள்.

பிறகு கதையை மாற்றுங்கள். லேபிளைக் கவனிக்கவில்லை, மருந்து நேராக ரத்தக் குழாயில் போய் நோயாளியின் இதயம் நின்றுவிட்டது. இப்போது என்ன தண்டனை? முதல் தாளில் "எச்சரிக்கை" என்று எழுதியவர்களில் பலர் "பணிநீக்கம்" என்பார்கள். ஆம்ப்யூலை மாற்றி எடுத்த கை ஒன்றுதான், டிரேயும் ஒன்றுதான். விளைவை வைத்துத் தண்டிக்கிறோம் என்பது அவரவர் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். இதே அனுபவமுள்ள இன்னொரு நர்ஸ் அந்த டிரேயில் கைவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது கேளுங்கள். யாருக்கும் நடந்திருக்கும் என்றால், திருத்த வேண்டியது டிரேயைத்தான்.

விளைவைப் பார்க்காமல், நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து நியாயமாக அணுகும் இந்த முறைக்கு ஜஸ்ட் கல்ச்சர் என்று பெயர். அப்படியென்றால் யாரையும் கண்டிக்கவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இதை மருத்துவத் துறையில் பரப்பிய அமெரிக்கர் டேவிட் மார்க்ஸ் வகுத்துச் சொன்னபடி, கைதவறியவருக்கு ஆறுதல். ஆள் பற்றாமல் டபுள் செக்கை (மருந்தை இன்னொருவரும் சரிபார்ப்பதை) தாண்டிப் போகும் பழக்கத்துக்கு அறிவுரை, கூடவே அந்த நெருக்கடிக்குத் தீர்வு. ஆபத்து என்று தெரிந்தே துணிந்து செய்தவருக்குத்தான் ஒழுங்கு நடவடிக்கை.

வகுப்பு முடிந்ததும் செறிவான பொட்டாசியம் குளோரைடைப் பொது வார்டுகளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் எடுத்தோம் என்பதை ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரில் சொல்லுங்கள். அதற்கப்புறம் நர்ஸ்களுக்கு வகுப்பு வையுங்கள். ஃபார்ம்கள் வரத் தொடங்கி எண்ணிக்கை ஏறும்போது நிர்வாகம் பதறும். தவறு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, மறைப்பது குறைகிறது என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.